கணக்குப்பிள்ளை படித்துச் சொன்னால் போதாது!

(அமிர்தியில் இளைஞர்களும் வியாபாரிகளும் கூடிய அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமிர்திக்கு வந்தவர்களை உட்கார வைத்து ஆங்கிலப் பத்திரிகையைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் அநியாயம்தான். வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளி, ஜவ்வாது மலையடிவாரத்தில், அருவியும் மிருகக்காட்சி சாலையும் உள்ள இடம் இது. பிள்ளைகள் மான் பார்க்கப் போய்விட்டார்கள். நீங்கள் மட்டும் இங்கே மாட்டிக்கொண்டீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. இந்த வட்டாரத்தில் நம்மவர்களின் அடுப்பு எரிவது பெரும்பாலும் தோலை நம்பித்தான். டேனரி வைத்திருப்பவர், தோல் மண்டிக்காரர், ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர், கெமிக்கல் விற்பவர், லாரி ஓட்டுபவர் என்று ஒரு சங்கிலி. தோலை விரலால் தடவிப் பார்த்தே அதன் தரத்தைச் சொல்லும் பெரியவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அந்த அறிவை எந்தக் கல்லூரியும் கொடுக்காது. ஆனால் அந்தத் தோலின் தலைவிதி எழுதப்படுவது எந்த மொழியில்? சட்டமானாலும், தீர்ப்பானாலும், வெளிநாட்டு வரியானாலும், வங்கிக் காகிதமானாலும் எல்லாம் ஆங்கிலத்தில். அது நம் கைக்குக் கடிதமாக வந்து சேருவதற்கு முன்னால் பத்திரிகையில் செய்தியாக வந்துவிடுகிறது. கணக்குப்பிள்ளையோ ஆடிட்டரோ படித்துச் சொல்லும்வரை நாம் காத்திருக்கிறோம். அவர் சொல்வது சுருக்கம். சுருக்கத்தில் விட்டுப்போவது எது என்று நமக்குத் தெரிவதே இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். உங்களில் வயதானவர்களுக்கு இது மறந்திருக்காது.

1996 ஆகஸ்ட் 28. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அது. ஐந்து மாவட்டங்களின் டேனரிகளுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். பத்தாயிரம் என்ற எண்ணைப் படிக்க ஆங்கிலம் தேவையில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பின் கனம் அந்த எண்ணில் இல்லை. மூன்று சொற்றொடர்களில் இருந்தது. "பிரிகாஷனரி பிரின்சிபிள்", "பொல்யூட்டர் பேஸ்", "ஓனஸ் ஆஃப் ப்ரூஃப்".

முதலாவது, முன்னெச்சரிக்கைக் கொள்கை. கெடுதல் வரும் என்று விஞ்ஞானம் உறுதியாகச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம், அச்சம் இருந்தாலே தடுக்கலாம் என்பது அதன் பொருள். இரண்டாவது, கெடுத்தவன் கொடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு மட்டுமல்ல, கெட்டுப்போன மண்ணையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் அவன் தலையில்தான். மூன்றாவதுதான் மிக முக்கியம். "ஓனஸ்" என்றால் பாரம், பொறுப்பு. என் தொழிலால் கெடுதல் வருகிறது என்று நீ நிரூபி என்று இனி எதிராளியிடம் சொல்ல முடியாது. கெடுதல் இல்லை என்பதைத் தொழில் நடத்துபவனே காட்ட வேண்டும். நான்கெழுத்துச் சொல் ஒன்று, வழக்கின் பாரத்தை ஒரு தோளிலிருந்து எடுத்து இன்னொரு தோளில் வைத்துவிட்டது!

இந்தத் தீர்ப்பை நம்மீது வீசப்பட்ட கல்லாக மட்டும் பார்க்காதீர்கள். தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அந்தக் கிணற்று நீரைக் குடித்தவர்களில் நம் வீட்டாரும் உண்டு. நான் சொல்ல வருவது, நியாயம் எந்தப் பக்கம் இருந்தாலும் என்ன சொல்லப்பட்டது என்பதை நீங்களே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான்.

அதே தீர்ப்பில் இன்னொரு பாடமும் இருக்கிறது. தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டுகிறது, வேலைவாய்ப்பு தருகிறது, நாட்டுக்கு மிக அவசியமானது என்று நீதிமன்றம் ஒப்புக்கொள்கிறது. இதைப் படித்ததும் மனம் குளிர்ந்துவிடும். ஆனால் அந்த வாக்கியம் தொடங்குவது "தோ" என்ற சொல்லில். "இருந்தபோதிலும்" என்று நாம் நடுவில் சொல்வதை ஆங்கிலக்காரன் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான். "தோ" என்று தொடங்கினால் முதல் பாதி மரியாதை, இரண்டாம் பாதிதான் முடிவு. சுற்றுச்சூழலை அழிக்க அதற்கு உரிமை இல்லை என்பதே அங்கே முடிவு. பாதியில் படிப்பதை நிறுத்தியவன் சந்தோஷமாகத் தூங்கியிருப்பான்!

இந்தச் சொற்கள் 1996-ஓடு முடிந்துவிட்டனவா? இல்லை. 2025 ஜனவரி 30-இல் அதே உச்ச நீதிமன்றம் வேலூர் மாவட்ட டேனரிகள் பற்றி மறுபடியும் தீர்ப்பளித்தது. நஷ்டஈடு கிடைக்காமல் இருக்கும் குடும்பங்களுக்கு அரசு பணத்தைக் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் அதை வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. 28 ஆண்டுகளுக்குப் பிறகும் அதே "பொல்யூட்டர் பேஸ்"தான். அப்பாவின் காலத்தில் பத்திரிகையில் வந்த சொல், மகனின் காலத்தில் ரசீதாக வருகிறது.

அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குக்கு வரி போட்டது. ஆகஸ்ட் 7 முதல் 25 விழுக்காடு. ஆகஸ்ட் 27 முதல் அதன்மேல் இன்னொரு 25. இந்தச் செய்தியில் எது கடினமான சொல்? "டாரிஃப்" என்ற சொல் அதற்குள் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. கடினமானவை "பை", "டு" என்ற இரண்டு பொடிச் சொற்கள். வரி "பை 25" கூடியது என்றால் இருப்பதோடு 25 சேர்ந்தது. "டு 25" என்றால் 25-இல் போய் நின்றது. இரண்டையும் ஒன்றாகப் படித்தவன் விலைப்பட்டியலில் பாதி கணக்கைத் தொலைத்திருப்பான்.

அந்த உத்தரவில் இன்னொரு வரி இருந்தது. ஆகஸ்ட் 27-க்கு முன்பே கப்பலில் ஏற்றப்பட்டு, செப்டம்பர் 17-க்கு முன்பு அங்கே "என்டர்ட் ஃபார் கன்ஸம்ப்ஷன்" ஆகிவிட்ட சரக்குக்கு அந்தக் கூடுதல் வரி இல்லை என்றது அது. "கன்ஸம்ப்ஷன்" என்றால் உண்பது, நுகர்வது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஷூவை யார் சாப்பிடுகிறார்கள்? சுங்கத்துறையின் பேச்சில் அதற்குப் பொருள் வேறு: சுங்கக் காகிதங்களை முடித்து, உள்நாட்டுச் சந்தைக்கு விடுவிக்கச் சரக்கைப் பதிவு செய்வது. கப்பல் துறைமுகத்துக்கு வந்துவிட்டால் மட்டும் போதாது. ஏற்றுமதியாளருக்கு இந்த ஒரு வரியின் மதிப்பு எத்தனை லட்சம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதனால்தான், சொல் வளம் என்ற பெயரில் விற்கும் புத்தகங்களை நம்பாதீர்கள் என்கிறேன். யாரும் எழுதாத, யாரும் பேசாத சொற்களை வரிசையாக அடுக்கி மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். நம்மைக் கவிழ்ப்பவை அவை அல்ல. நமக்குத் தெரியும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் சொற்கள்தான் கவிழ்க்கின்றன.

"லோன் சாங்ஷன் ஆகிவிட்டது" என்று மகிழ்ச்சியோடு சொல்கிறோம். அங்கே அது அனுமதி. ஈரான் மீது "சாங்ஷன்ஸ்" என்று பத்திரிகை எழுதினால் அது தண்டனைத் தடை. ஒரே சொல், நேர் எதிரான இரண்டு பொருள். "ஓவர்சைட்" என்றால் மேற்பார்வை. அதுவே கவனக்குறைவால் விட்டுப்போனதும்கூட. "அவுட்ஸ்டாண்டிங்" என்று பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் வந்தால் பிள்ளைக்கு மிட்டாய் வாங்கிக் கொடுக்கலாம். வங்கிக் கடிதத்தில் வந்தால் அது பாக்கி!

நம் தொழிலின் சொல்லே தலைப்புச் செய்தியில் வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? எதிர்க்கட்சி அரசை "ஃபிளேஸ்" என்று போடுவார்கள். கடுமையாகச் சாடியது என்று பொருள். அந்தச் சொல்லின் சொந்தப் பொருள் தோலை உரிப்பது. கறிக்கடையில் கத்தி தவறிப் பட்டுத் தோலில் விழும் வெட்டைத் தரம் பிரிப்பவர்கள் "ஃபிளே கட்" என்பார்கள். தோல் மண்டியில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்தச் சொல்லை யாரும் இரண்டு தடவை சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆங்கிலம் அந்நிய மொழி, நமக்கு வராது என்று சில பெரியவர்கள் ஒதுங்குகிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. "டாரிஃப்" அரபுச் சொல்! அறிவித்தல், வரையறுத்தல் என்ற பொருளுள்ள "தஃரீஃப்" என்ற வேரிலிருந்து மத்தியதரைக் கடல் வியாபாரிகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. மூட்டையின் எடையைக் கழிக்கும்போது "டேர்" என்கிறோமே, அது "தர்ஹ்" என்ற அரபுச் சொல், தள்ளிவிடுவது. பத்திரிகையைக் குறிக்கும் "மேகசின்" நம் "மக்ஸன்", களஞ்சியம்.

"ஆவரேஜ்" என்ற சொல்லும் அந்த வழியில் வந்ததுதான் என்பார்கள். சேதமடைந்த சரக்கைக் குறிக்கும் அரபுச் சொல் அதன் மூலம். சராசரி என்ற பொருள் பிறகு ஏறியது. பழைய பொருள் கப்பல் இன்சூரன்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2021 மார்ச்சில் "எவர் கிவன்" என்ற கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிக்கொண்டது நினைவிருக்கும். கப்பல் விடுபட்டதும் அதன் உரிமையாளர் "ஜெனரல் ஆவரேஜ்" அறிவித்தார் என்று செய்தி வந்தது. பொதுச் சராசரி என்று மொழிபெயர்த்துக்கொண்டு யாராவது பக்கத்தைப் புரட்டியிருந்தால் பரிதாபம். கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆன செலவை, சரக்கு ஏற்றிய எல்லோரும் பங்கு போட்டுத் தர வேண்டும் என்பது அதன் பொருள். உங்கள் பெட்டிக்கு ஒரு கீறல்கூட விழாமல் இருக்கலாம். பங்குக்கு உத்தரவாதம் தராமல் பெட்டி கைக்கு வராது.

மதரஸாவில் சர்ஃபு படித்த பிள்ளைகளுக்கு இன்னொரு வசதி உண்டு. "க-த-ப" என்ற மூன்றெழுத்து வேரிலிருந்து கிதாப், காத்திப், மக்தப் என்று கிளை பிரிவதைச் சிறு வயதிலேயே பார்த்துவிட்டவர்கள் அவர்கள். ஆங்கிலத்தின் பெரிய சொற்களும் ஏறக்குறைய அப்படித்தான். அவற்றின் வேர் லத்தீனில் இருக்கும். "வோக்" என்றால் அழை. "ரிவோக்", திரும்ப அழை, அதாவது ரத்துசெய். அதற்கு முன்னால் மறுப்பைச் சேர்த்தால் "இர்ரெவோகபிள்", திரும்பப் பெற முடியாதது. வங்கியின் எல்.சி.யில் தினமும் பார்க்கும் சொல் இது. "புரவோக்", "இன்வோக்" இரண்டும் அந்த வீட்டுப் பிள்ளைகளே. ஒரு வேரைப் பிடித்தால் ஐந்து சொற்கள் கூடவே வரும்.

எல்.சி. என்றதும் "டிஸ்கிரிப்பன்ஸி" என்ற சொல்லையும் சொல்லிவிட வேண்டும். முரண்பாடு, பொருத்தமின்மை. எல்.சி.யில் சரக்கை எப்படி வர்ணித்திருக்கிறதோ, இன்வாய்ஸிலும் அதற்குப் பொருந்தும்படி எழுத வேண்டும் என்று 2007 முதல் நடைமுறையில் உள்ள பன்னாட்டு விதி சொல்கிறது. அங்கே ஆட்டுத்தோல் என்றும் இங்கே செம்மறித்தோல் என்றும் இருந்தால் தோல் எத்தனை நல்லதாக இருந்தாலும் வங்கி பணத்தை நிறுத்தலாம். வங்கி தோலைப் பார்ப்பதில்லை. காகிதத்தைத்தான் பார்க்கிறது.

சரி, எப்படிப் படிப்பது?

முழுப் பத்திரிகையையும் படிக்க உட்காராதீர்கள். மூன்றாம் நாளே சலித்துவிடும். தலையங்கத்தில் தொடங்கவும் வேண்டாம்; அது சுற்றி வளைத்து எழுதப்பட்டிருக்கும். வியாபாரப் பக்கத்தில் உங்கள் தொழிலைத் தொடும் ஒரே ஒரு செய்தி, அதுவும் சின்னதாக. முதலில் அதே செய்தியைத் தமிழ்ப் பத்திரிகையில் படித்துவிடுங்கள். என்ன நடந்தது என்று தெரிந்த பிறகு ஆங்கிலத்துக்குப் போனால் பாதிச் சொற்கள் தாமே பொருளைச் சொல்லிவிடும். உருது படிக்கிறவர்கள் உருதுவிலும் பார்க்கலாம். இது புதிய யோசனையும் அல்ல. சர் சையத் அஹ்மத் கான் 1866-இல் தொடங்கிய அலிகார் இன்ஸ்டிடியூட் கெஜட்டில் ஆங்கிலமும் உருதும் பக்கம் பக்கமாக அச்சானது. இதைக் காட்டி அதைப் படி என்பதுதான் அதன் ஏற்பாடு.

தெரியாத சொல் வந்ததும் அகராதியைத் தூக்காதீர்கள். பென்சிலால் கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். முன்பின் வரிகளை வைத்து ஊகியுங்கள். அதே சொல் வேறொரு நாள் மறுபடி வந்தால் அப்போது லிப்கோ அகராதியைத் திறங்கள். இரண்டு தடவை வந்த சொல் மூன்றாம் தடவையும் வரும். அதற்காக உழைப்பது வீணாகாது. நோட்டில் எழுதும்போது சொல்லையும் பொருளையும் மட்டும் எழுதி வைப்பது பலசரக்குப் பட்டியல் மாதிரி. முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். சொற்களுக்குக் கூட்டாளிகள் உண்டு. வரியை "லெவி" செய்வார்கள், தடையை "லிஃப்ட்" செய்வார்கள், வட்டியை "வெய்வ்" செய்வார்கள். விதிக்கு "கம்ப்ளை" ஆவது என்றால் பின்னால் "வித்" வந்தே தீரும். கூட்டாளியோடு பார்த்தால்தான் சொல் நினைவில் நிற்கும்.

மால்கம் எக்ஸ் சிறையில் அகராதியைப் பக்கம் பக்கமாகப் பிரதி எடுத்தே ஆங்கிலம் பழகினார் என்று பலர் மேடையில் சொல்வார்கள். உண்மைதான். 1940-களின் இறுதியில் நார்ஃபோக் சிறையில், முதல் எழுத்திலிருந்து தொடங்கி எழுதினார். நினைத்ததைக் கடிதத்தில் எழுதச் சொல் இல்லையே என்ற ஆத்திரம் அவரை அப்படி உட்கார வைத்தது. ஆனால் அவருக்குச் சிறையில் நேரம் இருந்தது. கடையைத் திறக்க வேண்டிய உங்களுக்கு ஏது நேரம்? ஆத்திரத்தை அவரிடம் எடுத்துக்கொள்ளுங்கள். வழியைப் பத்திரிகையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு அரைமணி நேரம் போதும்.

கண் பார்வை குறைந்த பெரியவர்கள் கவலைப்பட வேண்டாம். கல்லூரியில் படிக்கும் மகளோ பேத்தியோ வீட்டில் இருப்பாள். அவள் உரக்கப் படிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். அவளுக்குச் சொல் தெரியும், தொழில் தெரியாது. உங்களுக்குத் தொழில் தெரியும், சொல் தெரியாது. வங்கித் தேர்வுக்கும் அரசுத் தேர்வுக்கும் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி எந்தக் கோச்சிங் சென்டரிலும் கிடையாது. கட்டணமும் கிடையாது.

தலைப்புகளில் ஒரு சூட்சுமம் உண்டு. நடந்து முடிந்ததை நிகழ்காலத்தில் போடுவார்கள். "டு" என்று வந்தால் இனிமேல்தான் நடக்கப்போகிறது. "மல்ஸ்" என்றால் யோசிக்கிறார்கள், "மூட்ஸ்" என்றால் யோசனையை முன்வைக்கிறார்கள், "நாட்" என்றால் ஒப்புதல் கிடைத்துவிட்டது. யோசிப்பதைக் கேட்டே சரக்கைத் தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், ஒப்புதல் வந்த பிறகும் வதந்தி என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் "டிராஃப்ட் நோட்டிஃபிகேஷன்" வெளியிட்டது என்று வந்தால் அது வரைவு மட்டுமே. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகளின்படி வெளியான நாளிலிருந்து அறுபது நாட்களுக்குள் ஆட்சேபணை சொல்லலாம். அறுபத்தொன்றாம் நாள் சங்கத்தைக் கூட்டிக் கூச்சல் போட்டு என்ன பயன்?

ஐரோப்பியத் தடைகளும் இப்படித்தான் முன்னறிவிப்போடு வந்தன. தோலில் குரோமியம் ஆறு கிலோவுக்கு மூன்று மில்லிகிராமை எட்டக் கூடாது என்ற விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் வெளியிட்டது. நடைமுறைக்கு வந்தது 2015 மே 1. அந்த இடைவெளி படிக்கிறவனுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம்.

கடைசியாக, யாரும் படிக்காத பக்கம் ஒன்றைச் சொல்கிறேன். உள்பக்கங்களில் பொடி எழுத்தில் வங்கிகளின் "பொசஷன் நோட்டீஸ்" வரும். 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், அடமானச் சொத்தைக் கையகப்படுத்தினால் வங்கி அதை இரண்டு பத்திரிகைகளில் போட வேண்டும். அதில் ஒன்று வட்டார மொழியில். ஆங்கிலத்தையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. அதில் "பாரோயர்" என்று ஒரு பெயர் இருக்கும், கடன் வாங்கியவர். அதற்குக் கீழே "கேரண்டர்" என்று இன்னொரு பெயர் இருக்கும். அவர் ஒரு ரூபாயும் வாங்காதவர். மைத்துனருக்காகவோ பங்காளிக்காகவோ கையெழுத்துப் போட்டவர். போட்ட அன்று அந்தச் சொல்லின் பொருளைக் கேட்டிருந்தால் ஜாமீன் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

அதே பக்கத்தில் ஏல அறிவிப்பும் இருக்கும். "ஆஸ் ஈஸ் வேர் ஈஸ்" என்று போட்டிருந்தால், எங்கே எப்படி இருக்கிறதோ அங்கே அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பொருள். குடியிருப்பவரைக் காலி செய்வதும், மின் பாக்கியைக் கட்டுவதும் பெரும்பாலும் வாங்குகிறவர் தலையில்தான் விழும். விலை மலிவாக இருக்கிறதே என்று மயங்கும் சகோதரர்கள் முதலில் அந்த நான்கு சொற்களைப் படித்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.